முதல் தொன்னை

டாக்டர் சாமுவேல் கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்துச் சூடாக்கினார். உள்ளே இருந்த நீலத் தண்ணீர் முதலில் பச்சையாயிற்று, பிறகு மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. நாற்காலியில் பாதியும் வெளியில் பாதியுமாக உட்கார்ந்திருந்த அழகியமணவாளன் அதைப் பார்க்கவே இல்லை. அவருடைய மனைவி ரமாமணிதான் கதவோரம் நின்று பார்த்தாள். பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவளுக்கு எந்த நிறத்தையும் பெயர் வைக்காமல் பார்க்க வராது. அரக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நீர்ல சர்க்கரை நெறைய இருக்குது, ஸ்வாமி," என்றார் டாக்டர். "அதான் கால் புண்ணு ஆறல. ஆவணியில கல்லு குத்துன புண்ணு ஐப்பசி வரைக்கும் ஆறாம இருக்குமா?"

"மருந்து கொடுங்கோ. ஆறிடும்."

"மெட்ராஸ்ல இதுக்குப் புதுசா ஊசி மருந்து வந்திருக்குது. தினம் போட்டுக்கணும். வேணும்னா வரவழைக்கிறேன்."

"எதுலேர்ந்து எடுக்கறது?"

டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு அது வராது. "மாட்டு வயித்துக்குள்ள இருக்கிற ஒரு உறுப்புல இருந்து," என்றார்.

அழகியமணவாளன் துள்ளி எழுந்தார். இடுப்பில் சிக்கியிருந்த நாற்காலியும் அவரோடு எழுந்தது. வேறு சமயமாக இருந்தால் ரமாமணி சிரித்திருப்பாள்.

"அப்போ சாப்பாட்டாலதான் பார்க்கணும்," என்றார் டாக்டர், நாற்காலியை இழுத்து விட்டபடியே. அவர் பேச்சு இப்போது ரமாமணியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "சோறு வேணாம்மா. வெல்லம், கிழங்கு, பழம் வேணாம். நெய், பால், தயிரு மூணும் வேணாம். கீரை, காய், பிஞ்சுங்க, கொஞ்சம் பயறு. இந்த வயிறு எறங்கணும். இவருக்கு வந்திருக்கிற வகைக்கு அது கேக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்குது. ஆனா மார்கழி முடியறதுக்குள்ள புண்ணு மூடலைன்னா கணுக்காலோட எடுக்க வேண்டி வரும். விட்டா உயிருக்கு ஆபத்து."

கணுக்கால் என்ற சொல்லைக் கேட்டதும் அழகியமணவாளன் திரும்ப உட்கார்ந்துவிட்டார். உயிர் என்பது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

காரணம் இருந்தது. சின்னக் காஞ்சிபுரத்தில் அவர்கள் தெருக்கோடியில் இருந்த சின்னப் பெருமாள் சந்நிதியில், பாசுரம் சேவிக்கிற கோஷ்டியின் முதல் இடம் அவர்கள் குடும்பத்துடையது. தீர்த்தம் அவர் கைக்குத்தான் முதலில் வரும். பிரசாதத்தின் முதல் தொன்னையும் அவருக்குத்தான். அவருக்குப் பிறகு மெட்ராஸில் படித்துக்கொண்டிருக்கிற மகன் முரளீதரனுக்கு. ஆனால் அங்கக் குறை உள்ளவன் முதல் இடத்தில் நிற்கக் கூடாது என்பது அந்தச் சந்நிதியின் வழக்கம். கால் போனால் இடம் போகும். அடுத்த இடத்தில் நிற்கிற ஸௌந்தரராஜன் ஓர் அடி நகர்ந்தால் போதும்.

ஸௌந்தரராஜன் வேறு யாரும் இல்லை, அழகியமணவாளனின் சித்தப்பா பிள்ளை. முதல் இடம் தன் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டியது என்று அவனுக்கு ஒரு கணக்கு. வாயில் அண்ணா, மன்னி என்ற மரியாதைக்குக் குறைவே இருக்காது. கண் மட்டும் எப்போதும் கோஷ்டியில் அண்ணா நிற்கிற அந்த ஒரு தளக்கல்லின் மேல் இருக்கும்.

ரமாமணி அன்றே அடுக்களையைப் புரட்டிப் போட்டாள். அரிசிப் பானை பரணுக்கு ஏறியது. நெய் ஜாடியை எதிர் வீட்டில் கொடுத்தாள். முளைக்கீரை, அரைக்கீரை, மணத்தக்காளி, வாழைத்தண்டு, புடலை, அவரை, பாகல் என்று தளிகை மாறியது. தாளிக்க எண்ணெய் காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவள் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதில் முள்ளங்கியும் கோஸும் சுரைக்காயும்கூட இருந்தன. அவற்றை அந்த வீட்டுப் பெருமாள் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை. அந்த விஷயத்தில் அவள் டாக்டருக்கு வளையவில்லை.

முதல் நாள் இலையைப் பார்த்து அழகியமணவாளன், "இது யாருக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தான்."

"பசு மாட்டுக்கு வெச்சதை மறந்து எனக்குப் போட்டுட்டியோன்னு பார்த்தேன்."

"பசு மாட்டுக்குக் கால் புண் இல்லை. அது வைக்கோலும் தின்னும். நீங்கோ இதைச் சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிட்டார், ஆனால் சும்மா சாப்பிடவில்லை. தட்டிக் கொட்டி, முனகி, தண்ணீர் குடித்து, தன் தகப்பனார் ஒரு வேளைக்கு எத்தனை கரண்டி நெய் விட்டுக்கொள்வார் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். பசியால் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தால் இன்னும் பசித்தது. தெருவில் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். ரமாமணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பளார் என்று ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. அவளும் அதையே சாப்பிட்டாள். அவர் எதிரில் சாதம் போட்டுக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் டாக்டரின் குழாயில் அரக்கு அரக்காகவே இருந்தது. புண்ணின் ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"வீட்ல நீங்க கொடுக்கிறதைத்தான் சாப்பிடுறாரா?" என்று சாமுவேல் கேட்டார்.

அன்று கணவர் சந்நிதியிலிருந்து வந்ததும் ரமாமணி அவர் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். நெய் மணந்தது. புளியோதரைக்கு அந்த மணம் வராது, சர்க்கரைப் பொங்கல்தான்.

"பெருமாள் பிரசாதம்டி," என்று கையை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்னு சொல்ல முடியுமா? முதல் தொன்னையை வாங்கலேன்னா இடத்தை விட்டுட்டேன்னு அர்த்தம். ஸௌந்து என் வாயையே பார்த்துண்டு நிக்கறான்."

"வாங்கணும், சரி. தொன்னை முழுக்கத் திங்கணுமா?"

"அவன் பார்க்கறானே."

"நிஜத்தைச் சொல்லுங்கோ. இடத்துக்காகத் திங்கறேளா, நாக்குக்காகத் திங்கறேளா?"

கூடத்தில் போய் உட்கார்ந்து, புண் இருந்த காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். கடைசியில், "ரெண்டுக்கும்தான்," என்றார். அந்த மனிதர் கண்ணில் நீர் நின்றதை ரமாமணி முதல் தடவையாகப் பார்த்தாள். "ஒரு வாய் போட்டுண்டா கை நிக்க மாட்டேங்கறதுடி. நான் என்ன பண்ணட்டும்?"

அதற்குப் பிறகு அவரே ஒரு வழி செய்துகொண்டார். தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கவஸ்திரத்தில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வழியில் ஒரு பருக்கை எடுக்கவில்லை என்பது முடிச்சு கட்டியிருந்த அழுத்தத்திலேயே தெரிந்தது. ரமாமணி அதை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். கார்த்திகையில் குழாய் மாம்பழ மஞ்சளில் நின்றது, பிறகு கிளிப்பச்சையில் நின்றது. அவர் வயிறு உள்ளே வாங்கியது. இடுப்பு வேஷ்டியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. புண்ணின் கறுப்பு நின்றுபோய், ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது.

"இப்படியே போனா கால் நிக்கும்," என்றார் சாமுவேல். "ஆனா இப்பத்தான் ஜாக்கிரதை வேணும். ஒரு நாள் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டாலும் பழையபடி ஆயிடும்."

ஸௌந்தரராஜன் சும்மா இருப்பானா? அண்ணா மெலிந்ததையும் பார்த்தான், அங்கவஸ்திரத்து முடிச்சையும் பார்த்தான், சாமுவேல் வீட்டு வாசலில் ஜட்கா நின்றதையும் யாரோ சொல்லக் கேட்டான். நேரே தர்மகர்த்தாவிடம் போனான். தர்மகர்த்தா தொந்தியும் தூக்கமுமான நல்ல மனிதர். யார் கடைசியில் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். மார்கழி பிறந்து ஒரு காலை, கோஷ்டி முடிந்ததும் அத்தனை பேர் எதிரிலும் பேச்சு எழுந்தது. பெண்கள் நிற்கிற தூணோரத்தில் ரமாமணியும் இருந்தாள்.

"அண்ணா மேல எனக்கு ஒரு துவேஷமும் இல்லை," என்று ஸௌந்தரராஜன் ஆரம்பித்தான். துவேஷம் உள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "ஆனா பெருமாள் அமுது செய்ததைச் சாப்பிடாதேன்னு ஒரு வேத்து மதத்து டாக்டர் சொல்றார், இவர் கேக்கறார். பிரசாதத்தை மூட்டை கட்டிண்டு போறார். முதல் இடத்துல நிக்கறவாளே இப்படிப் பண்ணினா மத்தவா என்ன பண்ணுவா? கோஷ்டியில கொடுத்த பிரசாதம் கோஷ்டியிலேயே தீரணும். ஒரு பருக்கை வெளியில போகப்படாது. முடியாதுன்னா முடியறவாளுக்கு இடத்தை விடட்டும்."

தர்மகர்த்தா அழகியமணவாளனைப் பார்த்தார், ஸௌந்தரராஜனைப் பார்த்தார். கடைசியில் பேசினவன் அவன்தான். "ஸௌந்து சொல்றதுல நியாயம் இருக்கு," என்றார். "கூடாரவல்லி வரது. அன்னிக்கு அக்காரவடிசில். முதல் தொன்னை கோஷ்டியிலேயே தீரணும். அழகு, நீ என்ன சொல்றே?"

"ஆகட்டும்," என்றார் அழகியமணவாளன். வேறு என்ன சொல்வார்?

அக்காரவடிசில் என்றால் அரிசியும் பருப்பும் பாலிலேயே குழைய வெந்து, வெல்லப் பாகில் மூழ்கி, மேலே நெய் நின்று கண்ணாடியாக மின்னுவது. அந்தச் சந்நிதியின் முதல் தொன்னை கைக்கு அடங்காது; இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். சாமுவேல் வேண்டாமென்று சொன்ன அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அழகியமணவாளன், "ஒரு நாள்தானே," என்றார். அவர் குரலில் பயம் பாதி இருந்தது. மீதிப் பாதி ஆசை என்பது ரமாமணிக்குத் தெரியாதா? ஸௌந்துவைச் சமாளிக்கலாம். இந்த மனிதரின் நாக்கை யார் சமாளிப்பது? தொன்னை முழுக்கச் சாப்பிடச் சொல்லித் தர்மகர்த்தாவே உத்தரவு போட்ட பிறகு?

அவள் வாழைத்தண்டு நறுக்க உட்கார்ந்தாள். நார் விரலில் சுற்றிக்கொண்டே வந்தது. நறுக்கினாள், நார் எடுத்தாள், திரும்பவும் நறுக்கினாள். ஸௌந்தரராஜன் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக மனசில் ஓட்டிப் பார்த்தாள். கோஷ்டியிலேயே தீரணும். வெளியில் போகப்படாது. அவ்வளவுதான் சொன்னான். யார் வயிற்றில் தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

அருவாமணையை மடக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"ஏன்னா, மாமனார் முதல் தொன்னையை என்ன பண்ணுவார்? ஞாபகம் இருக்கா?"

"சாப்பிடுவார்."

"சாப்பிடறதுக்கு முன்னாடி? ஒரு சிட்டிகை எடுத்து வாயில படாம அண்ணாந்து போட்டுப்பார். மீதியைப் பக்கத்துல நிக்கறவா கையில கொடுப்பார். அவா ரெண்டு கையையும் நீட்டி வாங்கிப்பா. அவர் கையால கிடைச்சதுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரிவா. நான் கலியாணம் ஆகி வந்த புதுசுல பார்த்திருக்கேன்."

அழகியமணவாளன் மெதுவாக நிமிர்ந்தார். "எனக்குப் பக்கத்துல நிக்கறவன் ஸௌந்து."

"ஆமாம்."

"அவன் வாங்க மாட்டான். என் கையால வாங்கினா எனக்கு அடுத்தவன்னு ஒத்துண்ட மாதிரி."

"வாங்காம எப்படி இருப்பார்? பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றவாளுக்கு இடம் கிடையாதுன்னு சொன்னதே அவர்தானே."

அவர் சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. உடனே சிரிப்பு நின்றது. "ரமா, கையில வாங்கினதும் எனக்குப் புத்தி தப்பிடுத்துன்னா?"

"என்னைப் பாருங்கோ. தூணோரத்துலதான் நிப்பேன்."

கூடாரவல்லி அன்று பனி கொட்டியது. விடியாத நேரத்திலேயே சந்நிதி நிரம்பிவிட்டது. நெசவுத் தெருவிலிருந்துகூட ஜனம் வந்திருந்தது. பாசுரம் சேவித்து முடிந்தது. திரை விலகியது. மடைப்பள்ளியிலிருந்து உருளி வந்தபோது அந்த மணத்துக்கு ரமாமணிக்கே வாயில் நீர் ஊறியது; வாரக்கணக்கில் கீரை தின்கிற மனிதருக்கு எப்படி இருக்கும்?

தீர்த்தம் ஆயிற்று. சடாரி ஆயிற்று. அர்ச்சகர் முதல் தொன்னையை அழகியமணவாளனின் இரண்டு கையிலும் வைத்தார். நெய் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. விஷயம் தெரிந்த எல்லோரும் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். தர்மகர்த்தாகூட விழித்துக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடது கைக்குத் தொன்னையை மாற்றினார். வலது கை விரல்கள் உள்ளே இறங்கின. ஒரு சிட்டிகைக்கு இரண்டு விரல் போதும். ஐந்தும் இறங்கின. விரல்கள் வெளியே வரும்போது ஒரு பெரிய கவளம் திரண்டிருந்தது. அவர் முகம் பசித்த குழந்தையின் முகமாக ஆகியிருந்தது. அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் எழக் கூடாது. ரமாமணி கையிலிருந்த பித்தளைச் சொம்பைக் கீழே போட்டாள்.

சொம்பு கல்தரையில் உருண்ட சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். அவரும் திரும்பினார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் காலைப் பார்த்தாள். அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். கவளம் விரலிடுக்கில் நழுவித் தொன்னைக்குள்ளேயே விழுந்தது. இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் போட்டுக்கொண்டார். பிறகு தொன்னையை இரண்டு கையாலும் ஏந்திப் பக்கத்தில் திரும்பினார்.

"ஸௌந்து, வாங்கிக்கோ. அப்பா உங்கப்பாவுக்குக் கொடுப்பார்."

ஸௌந்தரராஜன் முகம் வெளுத்துவிட்டது. தோற்றதனால் என்று ரமாமணி நினைத்தாள். அவன் தொன்னையைப் பார்த்தான், தர்மகர்த்தாவைப் பார்த்தான். கை நீளவில்லை.

"என்ன ஸௌந்து, பிரசாதம்டா," என்றார் தர்மகர்த்தா. "கோஷ்டியிலேயே தீரணும்னு நீதானே சொன்னே?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ஸௌந்தரராஜன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். அண்ணாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், நின்ற இடத்திலேயே கவளம் கவளமாகத் தின்றான். தொன்னையில் ஒட்டியிருந்ததையும் வழித்தான். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். ரமாமணி கண்ணில் அது பட்டது. மனசில் நிற்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தை பிறக்கும் முன்பே புண் மூடிவிட்டது. சாமுவேல் குழாயைச் சூடாக்கினார். நீலம் நீலமாகவே நின்றது. மயில்கழுத்து என்று ரமாமணி வாய்விட்டே சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த அழகியமணவாளனோடு நாற்காலி எழவில்லை. "இதோட விட்டுடாதீங்கம்மா," என்றார் டாக்டர். "இந்தச் சாப்பாடு இனிமே எப்பவும்தான்." அழகியமணவாளன் இப்போது தட்டுவதும் முனகுவதும் இல்லை. மணத்தக்காளியில் பிஞ்சுக் காய் குறைந்தால் ஏன் என்று கேட்கிற அளவுக்கு வந்திருந்தார்.

சந்நிதியில் பொங்கலுக்கு, ரதசப்தமிக்கு, மாசி உத்ஸவத்துக்கு என்று முதல் தொன்னை வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை அண்ணனுக்கு, மீதி தம்பிக்கு. அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஸௌந்தரராஜன் ஒரு தடவையும் மறுக்கவில்லை, ஒரு பருக்கையும் வைக்கவில்லை.

மாசியில் ஒரு காலை முசரவாக்கத்திலிருந்து கீரை கொண்டுவருகிற அம்சவேணி கொல்லைப்புறத்தில் கூடையை இறக்கினாள்.

"இன்னாமா, ஐயரு இளைச்சு மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டாரு. அந்த மூணாவது வூட்டு ஐயருதான் பாவம், எலும்பும் தோலுமா பூட்டாரு."

"ஸௌந்தரராஜனா?"

"ஆமாமா. நொண்டிக்கினு நடக்கறாரு. அவுங்க கொல்லைப் பக்கமா வந்தேன். அவரு போற எடத்துல எறும்பு மொய்ச்சிக்கினு இருக்குது. கால் வைக்க முடியல. நீர்ல சர்க்கரை எறங்குனா அப்படித்தானே?"

ரமாமணி கையிலிருந்த கீரைக்கட்டு அப்படியே நின்றது. கிணற்றடி ஞாபகம் வந்தது. வெளுத்த முகம் ஞாபகம் வந்தது. அது தோல்வி இல்லை, பயம். ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே வியாதி. தெரியாமல் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இந்த உலகத்தில் அந்த அடையாளங்களை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? கண் எதிரே இருந்ததை ஜெயித்த மப்பில் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

கணவனிடம் சொன்னாள். அவர், "அவன் போட்ட சட்டம்தானே," என்றார்.

"வாயை மூடுங்கோ," என்றாள் ரமாமணி. அப்படி அவரிடம் அவள் பேசியதே இல்லை. "உங்க கால் நடக்கறது, அதான் பேசறேள்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அன்று செய்த கீரைக் கூட்டை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி, கொல்லை வழியாகவே மூன்றாம் வீட்டுக்குப் போனாள். பகையான பிறகு அவள் அந்தப் படியை மிதித்ததில்லை.

ஸௌந்தரராஜன் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் வேஷ்டியைக் காலின் மேல் இழுத்து மூடிக்கொண்டான். மூடினால் நாற்றம் மூடுமா? ஐப்பசியில் தன் வீட்டில் அடித்த அதே நாற்றம், அதைவிடக் கனமாக.

"காலைக் காட்டுங்கோ," என்றாள்.

"ஒண்ணுமில்லை மன்னி."

"காட்டுங்கோ."

அவன் வேஷ்டியை விலக்கினான். கட்டைவிரல் கறுத்திருந்தது. கறுப்பு விரலோடு நிற்காமல் புறங்கால் வரை ஏறியிருந்தது. ரமாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"போன வருஷத்துலேர்ந்து. எறும்பு மொய்ச்சுது. வைத்தியர்கிட்ட போனா ஊருக்குத் தெரியும். அப்புறம் அண்ணா மெலிஞ்சதைப் பார்த்தேன். எனக்கு வந்ததுதான் அவருக்கும்னு புரிஞ்சுது. நான் வெளியில காட்டாம பொறுத்துண்டா அவர் கால் முன்னாடி போயிடும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சே தொன்னையை வாங்கிச் சாப்பிட்டேளா? ஒவ்வொரு தடவையும்?"

"வேற என்ன பண்றது?" என்றான் ஸௌந்தரராஜன். "நான்தானே சொன்னேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. கிண்ணத்தின் மூடியை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"இதைச் சாப்பிடுங்கோ. நான் ஜட்காவுக்குச் சொல்றேன். சாமுவேல்கிட்ட இன்னிக்கே போகணும்."

அவன் கூட்டைப் பார்த்தான். "அண்ணாவுக்கு இதாலதான் ஆறித்தா?"

"ஆமாம்."

"எனக்கும் இது போதுமா, மன்னி?"

ரமாமணி அந்தக் காலை இன்னொரு தரம் பார்த்தாள். போதும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "இதுவும் வேணும்," என்றாள். "டாக்டர் ஒரு ஊசி மருந்து சொன்னார். மெட்ராஸிலேர்ந்து வரவழைப்பார். அதுவும் வேணும்."

"ஊசியா? எதுலேர்ந்து எடுக்கறது?"

வேற்று மதத்து டாக்டர் என்று அத்தனை பேர் எதிரில் பேசின அதே வாய். கேட்டுவிட்டு அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாமுவேலுக்குப் பொய் சொல்ல வராது. இவன் கேட்டால் இவனிடமும் சொல்லிவிடுவார்.

"கேக்காதீங்கோ," என்றாள் ரமாமணி. "அவர்கிட்டயும் கேக்காதீங்கோ. கையை நீட்டுங்கோ, போதும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஏதோ ஒன்று இடிந்து விழுந்ததை அவள் பார்த்தாள். பிறகு கோஷ்டியில் நீட்டுவானே, அப்படி இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக் கீரைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.